கண்ணாடிக்குள் நடுங்கிய ஊசி

மண்ணெண்ணெய்க் கான் நிரம்பிவிட்டது என்று யாராவது சொன்னால் நசீறா அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டாள். விரல் முட்டியால் கானின் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பாள். மூடியைத் திறந்து மணந்து பார்ப்பாள். தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று ஒரு சொட்டை விரல்களுக்கிடையில் தேய்ப்பாள். அதற்குப் பிறகுதான் கான் படகில் ஏறும். உயிர்காப்பு அங்கிகளையும் அப்படித்தான், ஒவ்வொன்றாகப் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, உள்ளே இருப்பது மிதக்கிற சாமான்தானா என்று அமுக்கிப் பார்த்து அனுப்புவாள். கீரிக் கடற்கரையில் அவளுக்கு இரண்டு பைபர் படகுகள் இருந்தன. படகு நடத்துகிற பெண் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான்.

அவளுடைய சந்தேகத்துக்கு வயது அதிகம். தொண்ணூறாம் ஆண்டு, மன்னார் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுத இயக்கத்தினர் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. "கொஞ்ச நாளைக்குத்தான் மகள், திரும்பி வந்திருவம்" என்று வாப்பா சொன்னார். அதை நம்பித் தன்னுடைய நல்ல சட்டைகளை அலுமாரிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் நீண்டுகொண்டே போனது. வாப்பா அங்கேதான் மௌத்தாகி அடக்கமானார். அங்கேதான் அவளுக்கும் நஸாருக்கும் நிக்காஹ் நடந்தது. யுத்தம் முடிந்த பிறகு இருவரும் மன்னாருக்குத் திரும்பி வந்து, கடன்பட்டு ஒரு படகு எடுத்து, பிறகு இன்னொன்று எடுத்தார்கள். பிள்ளைகள் கிடைக்கவில்லை. சிறுநீரகம் பழுதாகி நஸாரும் போய்ச் சேர்ந்ததும் அவருடைய தம்பி வந்து கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மதினி, பொம்புளை ஒராள் படகு நடத்தேலாது. என்ர கையில தந்திட்டு நிம்மதியா இருங்கோ" என்றான். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். படகைக் கொடுக்கவில்லை.

கடலுக்குப் போவது அவளிடம் கூலிக்கு நின்ற றமீஸும் ஹில்மியும். போகலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது நசீறா. விடியலில் கரைக்கு வந்து, கடலைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து, போய்த் திரும்பியவர்களின் முகத்தைப் பார்த்து, கடைசியாகக் கையில் இருக்கும் தொலைபேசியைப் பார்ப்பாள். அதில் 'கரைக்காற்று' என்று ஒரு செயலி இருந்தது. றமீஸ்தான் அதைப் போட்டுக் கொடுத்திருந்தான்.

ஆரம்பத்தில் அதையும் அவள் நம்பவில்லை. ஒரு பருவம் முழுக்க அதைச் சோதித்தாள். கரையில் பழைய சாரன் துண்டொன்றைக் கம்பில் கட்டிவிட்டு, துண்டு எப்படி அடிக்கிறது, தொலைபேசி என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் அவளுடைய மனம் அதில் ஒட்டியதற்குக் காரணம் அந்தச் சோதனை மட்டுமல்ல. அந்தச் செயலியின் முகம்.

திறந்ததும் திரை நிறைய ஒரு காற்றுமானி வரும். சுற்றிவரப் பித்தளை வளையம். வளையத்தில் மூன்று திருகாணிகள். ஒன்றின் தலை கொஞ்சம் தேய்ந்ததுபோலக்கூட இருக்கும். நடுவில் பழுப்பேறிய வெள்ளைத் தகடு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள். அதன்மேல் கண்ணாடி, கண்ணாடியில் சாய்வாக ஓர் ஒளிக்கீற்று. முதல் நாள் அதை ஏதோ அழுக்கென்று நினைத்து அவள் முந்தானையால் துடைத்தாள். எல்லாவற்றையும்விட அந்தச் சிவப்பு ஊசி. அது ஓரிடத்தில் சும்மா நிற்காது. காற்றுக்கு மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும், உயிருள்ள சாமான் மாதிரி.

"பார்த்தாலே தெரியுது, இது வேலை செய்யிற சாமான்" என்பாள் நசீறா. மனிதர்கள் யாரைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்குவதற்கு முந்திய நாட்களில் ஒரு காலை அவள் செயலியைத் திறந்தபோது பித்தளை இல்லை. ஊசி இல்லை, கண்ணாடி இல்லை. கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி வெளிறிய ஒரு திரை. நடுவில் 14 என்று ஓர் எண். பக்கத்தில் தையல் ஊசி அளவுக்கு ஒல்லியான ஓர் அம்புக்குறி. வேறொன்றும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் கள்ளன் புகுந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போய், கள்ளன் வந்தது தெரியாமலிருக்கச் சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டுப் போனதுபோல அவளுக்கு இருந்தது.

யார் தன் தொலைபேசியைத் தொட்டது என்று யோசித்தாள். றமீஸ் தொடுவதில்லை, தொட்டால் கிடைக்கும் பேச்சு அவனுக்குத் தெரியும். முதல்நாள் அஸர்த் தொழுகை நேரத்தில் வீட்டுக்கு வந்திருந்தது ஜெஸ்லியா. நசீறாவின் கூடப்பிறந்த மூத்த ராத்தாவின் மகள். இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. வவுனியாவில் படித்துவிட்டு வந்து, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கணினியில் வேலை செய்தாள். என்ன வேலை என்று கேட்டால், "கீறுற வேலை, சாச்சி" என்பாள். படம் கீறுவதற்கு ஒரு கம்பனி மாதச் சம்பளம் கொடுக்கிறது என்பதே நசீறாவுக்குச் சந்தேகமான விஷயம்தான். முதல்நாள் நசீறா தொழுதுவிட்டு வரும்போது, அந்தப் பிள்ளை இவளுடைய தொலைபேசியைக் கையில் வைத்து ஏதோ தடவிக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருந்தது.

அன்று பின்னேரம் ஜெஸ்லியா மறுபடியும் வந்தாள். வந்து சும்மா இருக்கவில்லை.

"சாச்சி, அந்தக் காத்துப் பாக்கிற அப் திறந்து பாத்தீங்களா?"

"ஏன் கேக்கிறாய்?"

"சும்மா. எப்பிடி இருக்கு? திறந்தோடன முதல்ல எங்க பாத்தனீங்கள்? நம்பரையா, அம்பையா?"

நசீறா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சோதனைச் சாவடியில் நிற்கிறவன் கேட்கிற மாதிரியல்லவா இருக்கிறது கேள்வி!

"நீ நேத்து என்ர போனில என்ன செய்தனி?"

ஜெஸ்லியாவின் முகம் சிவந்தது. "ஒண்டுமில்ல. புதுசு வந்திருந்தது, ஏத்தி விட்டனான்."

"ஆர் சொல்லி ஏத்தினனி?"

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தது. நசீறாவுக்கு அது போதும். நஸாரின் தம்பி இந்தப் பிள்ளையின் வாப்பாவோடு பள்ளிவாசல் வாசலில் நின்று கதைப்பதை அவள் கண்டிருக்கிறாள். படகு எப்போது போகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு ஏதோ ஒன்றைத் தொலைபேசிக்குள் நுழைத்திருக்கிறார்கள். அதனால்தான் உள்ளே ஒன்றும் தெரியாதபடி வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுஞ்சுவரைக் காட்டுகிறான்?

அடுத்த நாள் பட்டணத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்த ரிஸ்கானிடம் போனாள்.

"எனக்குப் பழசு வேணும். பித்தளை வச்சது."

ரிஸ்கான் சிரித்தான். "உங்களுக்கு மட்டுமில்ல, இன்னும் ரெண்டு மூண்டு பேர் இப்பிடித்தான் கேட்டு வந்தவை. புதுசு நல்லம்தான் ராத்தா, இப்ப எல்லாம் இப்பிடித்தான் வருது. இந்த மணிக்கூடு, கமரா, எல்லாம் தட்டையாக்கிப் போட்டாங்கள்."

"மத்தவனுக்கு என்ன வேணுமெண்டாலும் தட்டையாக்கட்டும். எனக்கு ஊசி வேணும்."

அவன் புதியதை அழித்துவிட்டு, எங்கிருந்தோ பழையதை எடுத்துப் போட்டு, இனி தானாக மாறாதபடி ஏதோ செய்து கொடுத்தான். திறந்து பார்த்தாள். பித்தளை, திருகாணி, கண்ணாடி, நடுங்குகிற ஊசி, எல்லாம் வந்துவிட்டன. அந்த நாளும் அடுத்த சில நாட்களும் கம்பில் கட்டிய துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாகவே இருந்தது. பிறகு ஒப்பிடுவதை விட்டுவிட்டாள்.

ஜெஸ்லியா வந்தால் தொலைபேசியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளை அதைக் கவனித்தது. பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டது.

சில கிழமைகள் கழித்து ஒரு காலை, ஒரு படகுதான் தண்ணீரில் இருந்தது; மற்றதன் அடியில் வெடிப்பு, அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கடல் சலனமில்லாமல் கிடந்தது. ஊசி பச்சைப் பட்டைக்குள் நின்று மெல்ல ஆடிற்று. றமீஸ் வலையை ஏற்றி முடித்துவிட்டான். ஹில்மி மட்டும் தண்ணீரில் முழங்காலளவு நின்றபடி தலைமன்னார்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்தா, மேற்கில ஒரு கறுப்பு நிக்குது. எனக்கு மனம் சரியில்ல. இண்டைக்குப் போகாமல் விடுவமே?"

நசீறா மேற்கே பார்த்தாள். அடிவானத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்று இருந்தது உண்மைதான். பிறகு ஹில்மியைப் பார்த்தாள். அவன் மனைவியின் தங்கைக்கு மறுநாள் கலியாணம். வீட்டில் பந்தல் வேலை. போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தேடுகிறான் என்று தோன்றியது.

தொலைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதைப் பார். பச்சையில நிக்குது. உனக்குக் காத்து வந்தது கடலில இல்ல, வீட்டில."

ஹில்மி அதற்கு மேல் கதைக்கவில்லை. படகில் ஏறினான்.

வெயில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. நசீறா வெடித்த படகுக்குப் பக்கத்தில் நின்று, பைபர் ஒட்டுகிறவனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பனைகளின் ஓலைகள் ஒரே பக்கம் திரும்பின. பிறகு கடலின் நிறம் மாறிற்று. மேற்கிலிருந்த கோடு எழும்பி ஒரு சுவராகி வந்துகொண்டிருந்தது. கிட்ட நின்ற படகுகள் எல்லாம் மூக்கைத் திருப்பிக் கரைக்கு ஓடிவந்தன. ஆட்கள் கூக்குரலிட்டுக்கொண்டு அவற்றை மணலில் இழுத்துப் போட்டார்கள். அவளுடைய படகு அவற்றில் இல்லை.

காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. நிற்க முடியவில்லை. கவிழ்த்திருந்த படகோடு சாய்ந்துகொண்டு தொலைபேசியை எடுத்தாள். திரையில் மணல் வந்து தெறித்தது. அதற்குக் கீழே, கண்ணாடிக்குள், ஊசி பச்சைப் பட்டையில் நின்று மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் நின்ற அதே இடத்தில்.

அவள் செயலியை மூடித் திறந்தாள். அதே பச்சை. தொலைபேசியை உதறினாள். அதே மெல்லிய நடுக்கம்.

"சாச்சி!" ஜெஸ்லியா ஒழுங்கையால் ஓடிவந்தாள். முக்காடு காற்றில் பறந்தது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் தன் தொலைபேசியை நீட்டினாள். வெளிறிய திரை. நடுவில் 52 என்று பெரிய எண். "காலமையே ஏறத் தொடங்கிற்று சாச்சி. நீங்கள் பாத்திருப்பீங்கள், படகை விட்டிருக்க மாட்டீங்கள் எண்டுதான் நான் நினைச்சனான்."

நசீறா தன் தொலைபேசியைக் காட்டினாள். ஜெஸ்லியா அந்தப் பித்தளை வளையத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது... இதை ஆர் திரும்பப் போட்டது?"

"நான்தான் போடுவிச்சனான். ஊசி ஆடுதுதானே! வேலை செய்யுதுதானே!"

"அந்த ஊசி காத்துக்கு ஆடேல்ல சாச்சி." பிள்ளையின் குரல் உடைந்தது. "அதை ஆடுற மாதிரிக் கீறி வச்சிருக்கு. பழசுக்குக் காத்துச் செய்தி அனுப்புறதை இந்தக் கிழமை நிப்பாட்டிப்போட்டாங்கள். கடைசியா வந்த கணக்கில நிண்டு அது சும்மா ஆடிக்கொண்டே இருக்கும். செய்தி வந்தாலும் ஆடும், வராட்டியும் ஆடும்."

நசீறா வாழ்நாளில் எத்தனையோ பேரைச் சந்தேகித்திருக்கிறாள். இந்த ஊசியின் ஆட்டத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகிக்கவில்லை.

கடற்படைக்குச் சொல்லியாயிற்று. காற்று அடங்கினால்தான் படகு எடுக்கலாம் என்றார்கள். றமீஸின் தொலைபேசிக்கு அழைத்தால் தொடர்பில்லை. காற்று கொஞ்சம் தணிந்து மழை பிடித்த நேரத்தில் நசீறாவின் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். தெரியாத எண்ணை அவள் எடுக்கிற வழக்கமில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஜெஸ்லியாதான் பறித்து எடுத்தாள்.

"இலுப்பைக்கடவையில இருந்து கதைக்கிறன் பிள்ளை. என்ர பேர் நவரத்தினம். மாடு தேடிப் போன இடத்தில, கரையோரக் கண்டல் பத்தைக்குள்ள ஒரு படகு கொழுவுப்பட்டுக் கிடக்குது. ரெண்டு பேர் இருந்தவை, உயிரோட எடுத்திட்டம்."

"படகின்ர நம்பரைக் கேள்" என்றாள் நசீறா. அந்த நேரத்திலும்.

நம்பர் சரியாக இருந்தது. பிறகு றமீஸின் குரலே வந்தது. எஞ்சின் நின்றுபோய், காற்று கிழக்கே பெருநிலக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து விட்டதாம். ஹில்மிக்குக் கை முறிந்துவிட்டதாம். நவரத்தினத்தின் மகன் அவனை அடம்பன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறானாம்.

நசீறா மணலில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னாள். பிறகு எழும்பி ஓட்டோ பிடித்தாள். ஜெஸ்லியாவை வா என்று கூப்பிடவில்லை, அவளே ஏறிக்கொண்டாள்.

தீவைத் தாண்டிப் பாலத்தில் போகும்போது எஞ்சியிருந்த காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் ஆட்டியது. பாலம் கடந்ததும் நசீறா கேட்டாள்.

"ஊசியைக் கீறி வச்சிருக்கெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

ஜெஸ்லியா மழைத்திரையை இழுத்துப் பிடித்தபடி இருந்தாள். "நான் வேலை செய்யிற கம்பனிதான் சாச்சி அதைச் செய்யிறது. பழசு எனக்கு முந்தி இருந்த ஆள் கீறினது. புதுசு நான் கீறினது."

"நீயா?"

"ஓம். அந்த ஊசி பொய்யா ஆடுது, அதை எடுக்கவேணும் எண்டு நான்தான் அங்க சண்டை பிடிச்சு எடுப்பிச்சனான். உங்களிட்டச் சொல்லாமல் ஏத்தி விட்டது, நீங்கள் எப்பிடிப் பாக்கிறீங்கள் எண்டு அறியத்தான். நான் கீறினது எண்டு தெரிஞ்சால், எனக்காக நல்லம் எண்டு சொல்லிப்போடுவீங்கள் எண்டு நினைச்சன்."

"நான்? உனக்காகப் பொய் சொல்லுவனோ?"

பிள்ளை அந்த நிலையிலும் சிரித்துவிட்டது. நசீறா சிரிக்கவில்லை. பள்ளிவாசல் வாசல், கணவரின் தம்பி, தொலைபேசிக்குள் நுழைத்த ஒற்று என்று தான் கட்டியெழுப்பிய கதை முழுவதையும் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதில் எதையும் ஜெஸ்லியாவிடம் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த தொலைபேசியை எடுத்து அவளிடம் கொடுத்தாள். "இதில திரும்ப உன்ரதைப் போடு."

அடம்பன் ஆஸ்பத்திரியில் ஹில்மி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். நசீறாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"இரு, இரு." அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். இந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டிய சொற்கள் அவளுக்குப் பழக்கமில்லை. "நீ சொன்னது சரி. கறுப்பு நிண்டது, நானும் கண்டனான். உன்னை நம்பாமல் படத்தை நம்பினன்."

ஹில்மி முறிந்த கையை மடியில் எடுத்து வைத்தான். "கலியாண வீட்டுக்குப் போக மனமிருந்ததும் உண்மைதான் ராத்தா" என்றான். "ஆனா கறுப்பும் உண்மை."

"ஓம்."

"இனி நான் சொன்னா, போனைத் தூக்கி என்ர முகத்தில பிடிக்காதீங்கோ. அதுதான் எனக்குக் கையைவிட நொந்தது."

அவள் தலையாட்டினாள். அங்கேயே நின்று அவன் மனைவிக்கு அழைத்து, தான் செய்த பிழையைத் தானே சொன்னாள்.

இலுப்பைக்கடவைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. றமீஸ் வேறு யாருடையதோ சாரனைக் கட்டிக்கொண்டு நவரத்தினத்தின் வீட்டு முற்றத்தில் நின்றான். அவருடைய மனைவி மனோன்மணி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நசீறா அதை வாங்கினாள், குடிக்கவில்லை. அவள் கண் வேறு இடத்தில் நின்றது. படகு கண்டல் பத்தையில் கிடக்கிறது. ஆனால் படகின் எஞ்சின் இந்த வீட்டுக் கொட்டிலுக்குள் மரக்குற்றியில் ஏறி இருக்கிறது. ஏன் கழற்றினார்கள்? முன்பின் தெரியாத மனிதர், எஞ்சினை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தேத்தண்ணியும் தருகிறார்.

"எஞ்சினை ஆர் கழட்டினது?" என்று றமீஸிடம் கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

நவரத்தினம் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "நான்தான் தங்கச்சி. உப்புத்தண்ணி உள்ளுக்குப் போயிட்டுது. கிணத்துத் தண்ணியால அலசாமல் விட்டா நாளைக்கே இறுகிப்போம். உழவு மெசினோட மாரடிக்கிற ஆள் நான், அந்தளவுக்குத் தெரியும். தம்பியும் சேர்ந்துதான் தூக்கினவர்."

எஞ்சினின் கீழே ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு துணியில் திருகாணிகள் வரிசையாகக் கிடந்தன, ஒன்றும் தவறாமல். நசீறா தேத்தண்ணியைக் குடித்தாள். "பெரிய உதவி அண்ணன்" என்றாள். மனோன்மணி, "சீனி போதுமா?" என்று கேட்டார். அவள் போதும் என்றாள். சீனி கொஞ்சம் கூடத்தான்.

படகைத் தண்ணீருக்கு இழுக்க ஆட்கள் வரும்வரை காத்திருந்தார்கள். ஜெஸ்லியா தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "போட்டாச்சு, சாச்சி. பாருங்கோ."

நசீறா முற்றத்து வெயிலில் நின்று திறந்தாள். பளீரென்று வெளிறிய திரை. எண் தெரிந்தது. அம்பு கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. "வேற என்ன இருக்கு இதில?"

"கீழ எழுதியிருக்கே, கடைசியா எத்தனை மணிக்குச் செய்தி வந்தது எண்டு. அதுதான் முக்கியம். செய்தி வராட்டி அந்த வரி சொல்லும்."

"எங்க எழுதியிருக்கு?"

"இதில, சாச்சி."

"எங்க?"

ஜெஸ்லியா விரலை வைத்துக் காட்டினாள். நசீறா தொலைபேசியைச் சரித்தாள், நெஞ்சோடு அணைத்து நிழல் பிடித்தாள், பிறகு றமீஸிடம் நீட்டினாள். அவனும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஜெஸ்லியா தானே வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. வெள்ளையின்மேல் சாம்பல் எழுத்து. வெயில் அதை விழுங்கிவிட்டிருந்தது.

"கணினியில வடிவாத் தெரிஞ்சது" என்றாள் மெல்ல.

"உன்ர கணினி எங்க இருக்கு?"

"என்ர அறையில."

"படகு எங்க இருக்கு?"

ஜெஸ்லியா தொலைபேசியைத் தாழ்த்தினாள்.

நசீறாவுக்கு இப்போது கோபம் இல்லை, அதனால் குரல் தணிந்தே வந்தது. "இஞ்ச பார் மகள். உனக்கு முந்தி இருந்தவன் பொய்யை நல்ல வடிவாக் கீறி வச்சான். நீ உண்மையை எழுதினாய், ஆனா ஆருக்கும் தெரியாமல் எழுதினாய். அண்டைக்கு இந்த வரி என்ர கண்ணில பட்டிருந்தா, நான் ஏன் ரிஸ்கானிட்டப் போறன்? வெறுஞ்சுவரைக் காட்டினா நான் சந்தேகப்படாமல் என்ன செய்யிறது?"

ஜெஸ்லியாவின் கண் நிறைந்தது. அழவில்லை. நசீறாவின் தொலைபேசியில் இருந்த அந்த வெளிறிய திரையை வெயிலோடு சேர்த்துப் படம்பிடிக்கச் சொல்லி றமீஸிடம் தன் தொலைபேசியைக் கொடுத்தாள். கம்பனிக்கு அனுப்புவதற்காம்.

கம்பனியில் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கறுத்த எழுத்துப் போட்டால் வடிவு கெட்டுவிடும் என்று கொழும்பிலிருந்து ஒருவர் எழுதினாராம். ஜெஸ்லியா ஹில்மியின் கட்டுப்போட்ட கையைப் படம் எடுத்து அனுப்பினாள். பழைய செயலியை இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று தேடி, அதைத் திறந்தால் ஊசிக்குப் பதிலாக 'இது இனி வேலை செய்யாது' என்று வரும்படி செய்ய வைத்தாள். புதியதில் எழுத்துக் கறுத்துத் தடித்தது. செய்தி நின்றுபோனால் எண் மறைந்து, திரை முழுவதும் கறுப்பாகிவிடும். பித்தளையும் ஊசியும் திரும்பி வரவில்லை. நசீறா கேட்கவும் இல்லை.

ஆனாலும் கறுத்த எழுத்து வந்த நாளில் அவள் சொன்னது இதுதான்: "நீ ஒருநாள் படகில வந்து இதைப் பார். அதுக்குப் பிறகு சரி எண்டு சொல்லு."

ஹில்மியின் கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் கடல் நல்ல அமைதியாக இருந்தது. ஹில்மி மேற்கே பார்த்துவிட்டு ஓம் என்றான். தொலைபேசியில் 9 என்று இருந்தது. நசீறா தலைமன்னாரில் இருக்கும் தெரிந்த ஒருவருக்கும் அழைத்து, அங்கே ஓலை ஆடுகிறதா என்று கேட்டாள். பிறகு அவளும் ஜெஸ்லியாவும் படகில் ஏறினார்கள். நஸார் இருந்த காலத்துக்குப் பிறகு அவள் தண்ணீரில் கால்வைப்பது அன்றுதான். கரையில் நின்ற ஆம்பிளைகள் ஏதோ கதைத்தார்கள். றமீஸ் எஞ்சினை இழுத்துச் சத்தத்தில் அதை மூழ்கடித்தான்.

கரை மெலிந்து ஒரு கோடாகும் முன்பே ஜெஸ்லியா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். நசீறா ஒரு கையால் அவளுடைய முக்காட்டைப் பிடித்து, மற்றக் கையால் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்ததும் பிள்ளை தொலைபேசியைத்தான் எடுத்தது. விரலில் உப்புத்தண்ணீர். செயலியின் பொத்தானைத் தட்டினாள், திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டுத் தட்டினாள். அப்போதும் திறக்கவில்லை. படகு ஆட, விரல் வேறெங்கோ பட்டு, செயலிக்குப் பதிலாகக் கமரா திறந்தது.

"இந்தப் பொத்தான் சின்னன் சாச்சி" என்றாள், வெளிறிய முகத்தோடு. "படகில நிண்டு ஆராலயும் இதை அமத்தேலாது."

"எனக்கும் அப்பிடித்தான் பட்டது" என்றாள் நசீறா. "நீயா அறியவேணும் எண்டு சொல்லாமல் விட்டனான்."

ஹில்மி படகின் முன்னணியத்தில் இருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஜெஸ்லியாவுக்கு மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது. நசீறா அவள் மாட்டியிருந்த உயிர்காப்பு அங்கியின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினாள்.